பெட்ரூமுக்கு எது: ஃபேனா, கூலரா, ஏசியா, பியூரிஃபையரா?

போன ஏப்ரலில் ஒரு நாள் விடியற்காலை ஐந்தரைக்கு எழுந்து, கட்டிலுக்குப் பக்கத்தில் வைத்திருந்த சின்ன மீட்டரைப் பார்த்தேன். 3,140 என்று காட்டியது. பால்கனிக் கதவைத் திறந்து வெளியே வைத்தேன். பத்து நிமிடத்தில் 440க்கு இறங்கிவிட்டது.

நண்பரிடம் இரவல் வாங்கி வந்த கார்பன் டை ஆக்சைடு மீட்டர் அது. பத்து லட்சம் பங்கு காற்றில் அந்த வாயு எத்தனை பங்கு என்று காட்டும், பிபிஎம் என்பார்கள். எங்கள் படுக்கையறை பத்தடிக்குப் பன்னிரண்டடி. சென்னையில் ஓர் அடுக்ககத்தின் கடைசி மாடி. அம்மா, நான், மகள் மூன்று பேரும் அதில்தான் படுக்கிறோம். ஏசியின் குளிர்ச்சி வெளியே போகக்கூடாது என்று ஜன்னல் இடுக்கிலெல்லாம் பஞ்சுப் பட்டையை ஒட்டியவன் நானே. மகள் காலையில் தலைவலியோடு எழுவாள். அம்மாவுக்குத் தொண்டை வறண்டு மூக்கு அடைத்திருக்கும். "ஏசி ஒத்துக்கல" என்று ஒரே வரியில் தீர்ப்பு சொல்லிவிட்டு அம்மா ஹாலில் பாயைப் போட்டுக்கொள்வார். அங்கே புழுக்கத்தில் இரவு இரண்டு மணிக்கு எழுந்து விசிறிக்கொண்டிருப்பார்.

இதற்கு என்ன வாங்கலாம் என்று யாரைக் கேட்டாலும் ஆளுக்கொரு பெட்டியைக் கைகாட்டினார்கள். கூலர் வாங்கு, ஏசியை மாற்று, காற்றை வடிகட்டும் ஏர் பியூரிஃபையர் வை, ஒன்றும் வேண்டாம் ஜன்னலைத் திற. எல்லோரும் சரியாகத்தான் சொன்னார்கள். ஆனால் ஒவ்வொருவர் மனதிலும் இருந்த தொல்லை வேறு வேறு. சூடு ஒரு தொல்லை, ஈரப்பதம் இன்னொன்று. தூசும் புகையும் மூன்றாவது. நாமே மூச்சு விட்டு விட்டுக் காற்றைப் பழையதாக்குவது நான்காவது. கடையில் கிடைக்கும் எந்தப் பெட்டியும் இந்த நான்கையும் சேர்த்துத் தீர்ப்பதில்லை. நமக்கு எது தொல்லை என்று தெரியாமல் கடைக்குப் போனால் விற்பவருக்கு எது லாபமோ அதைத் தூக்கிக்கொண்டு வருவோம். நான் அப்படித்தான் வந்தேன். அந்தக் கூலர் கதைக்கு அப்புறம் வருகிறேன்.

முதலில் ஃபேன். பலரும் நினைப்பது போல ஃபேன் அறையைக் குளிர வைப்பதில்லை. ஆள் இல்லாத அறையில் ஃபேன் ஓடினால், அதன் மோட்டார் சூட்டில் அறை கொஞ்சம் சூடாகத்தான் செய்யும். அது குளிர வைப்பது நம் தோலை. வியர்வை ஆவியாகும்போது உடம்புச் சூட்டை எடுத்துக்கொண்டு போகிறது. ஃபேன் அந்த வேலையை வேகப்படுத்துகிறது. மேலே காற்று ஓரளவு நன்றாக வீசினால் இரண்டு மூன்று டிகிரி குறைந்தது போலிருக்கும். அறை 30, 31 டிகிரியில் இருக்கும்வரை இதைவிட மலிவான சுகம் இல்லை. பழைய ஃபேன் 75 வாட் இழுக்கும், பிஎல்டிசி என்ற புது வகை மோட்டார் உள்ள ஃபேன் 30 வாட் சுமாருக்கு ஓடிவிடும். பத்து மணி நேரத்துக்கு முக்கால் யூனிட் எங்கே, 0.3 யூனிட் எங்கே. வீட்டில் நான்கு ஃபேன் நாள் முழுக்கச் சுற்றுகிறது என்றால் ஏசி பற்றி யோசிக்கும் முன் அவற்றை மாற்றுவதே முதல் செலவாக இருக்கட்டும்.

ஆனால் ஃபேனுக்கு ஓர் எல்லை உண்டு. தோலின் சூடு 35 டிகிரி சுமாருக்கு இருக்கும். காற்று அதைவிடச் சூடாகிவிட்டால் ஃபேன் சூட்டை நம் மேல் வாரி இறைக்கிறது. வியர்வை ஈடுகொடுக்கும்வரைதான் தாங்கும். 40 டிகிரிக்கு மேல் ஃபேன் உடம்பைச் சூடேற்றவே செய்யும் என்று உலக சுகாதார நிறுவனம் எச்சரிக்கிறது. வயதானவர்களுக்கு இந்த எல்லை இன்னும் கீழே. வியர்ப்பது குறையும், தாகமும் சரியாகத் தெரியாது. பகலில் வாங்கிய சூட்டை உடம்பு இரவில்தான் இறக்கி வைக்க வேண்டும். மொட்டை மாடித் தளம் பகல் வெயிலை வாங்கி வைத்து, நாம் படுக்கிற நேரம் பார்த்துக் கீழே இறக்கும். கடைசி மாடிக்காரர்கள் சுவரில் கை வைத்துப் பார்த்தாலே தெரியும், இரவு பத்து மணிக்கும் வெதுவெதுப்பாக இருக்கும். அதனால் தளத்தில் வெள்ளை அடிப்பதையும் இந்த ஒப்பீட்டில் ஒரு போட்டியாளராகச் சேர்க்க வேண்டும். சுண்ணாம்போ கூல் ரூஃப் பெயின்ட்டோ, அது ஏசிக்குப் பதில் ஆகாது. ஏசியின் பாரத்தைக் குறைக்கும். அடுக்ககச் சங்கக் கூட்டத்தில் இதற்கு ஒப்புதல் வாங்குவது தனிப் பாடு, அதை விடுங்கள்.

ஜன்னலைத் திறந்து ஃபேன் போட்டால் நான்காவது தொல்லை, அதாவது பழைய காற்று, காசில்லாமல் தீர்ந்துவிடும். கூடவே கொசு வரும். உடனே கொசுவர்த்திச் சுருளைக் கொளுத்துவோம். ஒரு சுருள் எரிந்து முடிவதற்குள் வெளிவிடும் நுண்துகள் 75 முதல் 137 சிகரெட் வரை எரிவதற்குச் சமம் என்று 2003இல் வந்த ஓர் ஆய்வு கணக்கிட்டிருக்கிறது. இளைப்பு உள்ள அம்மாவின் தலைமாட்டில் வருஷக்கணக்காக அதை ஏற்றி வைத்திருக்கிறோம். ஜன்னல் வலை காற்றைக் கணிசமாகக் குறைக்கும். இருந்தாலும் சுருளா வலையா என்றால் யோசிக்கவே வேண்டாம், வலைதான். கட்டிலுக்குக் கொசுவலை கட்டப் பழகிவிட்டால் அதைவிட நல்லது.

இனி கூலர். மூன்று வருஷம் முன்பு கத்திரி வெயிலுக்குப் பயந்து ஒன்று வாங்கினேன். ஏசி விலையில் நாலில் ஒரு பங்குதான், கரன்ட்டும் கொஞ்சம்தான், ஐஸ் போட ஒரு தட்டு வேறு. முதல் நாள் சொர்க்கமாக இருந்தது. மூன்றாம் நாள் படுக்கை விரிப்பு ஈரத்துணி மாதிரி பிசுபிசுத்தது. சமையலறையில் உப்பு ஜாடியில் கட்டி தட்டியது. அம்மா டப்பாவிலிருந்து எடுத்த அப்பளம் துணி மாதிரி மடிந்தது. "வீட்டுக்குள்ளயே மழை பெய்யுது" என்றார்.

கூலர் மேல் தப்பில்லை. அது வெட்டிவேர்த் தட்டியின் பேரப்பிள்ளை. நனைந்த பட்டை வழியாகக் காற்றை இழுக்கும்போது தண்ணீர் ஆவியாகி, காற்றின் சூடு குறைகிறது. எவ்வளவு குறையும் என்பதைக் கூலரின் விலை முடிவு செய்வதில்லை, ஊரின் காற்று முடிவு செய்கிறது. தெர்மாமீட்டரின் குமிழில் ஈரத்துணி சுற்றி விசிறினால் எந்த அளவுக்கு இறங்குமோ, அதுதான் அடிமட்டம். ஈரக்குமிழ் வெப்பநிலை என்பார்கள். வெளியே 40 டிகிரி, ஈரப்பதம் 20 சதவீதம் என்றால் அந்த அடிமட்டம் 22 டிகிரி சுமார். நல்ல கூலர் 26 டிகிரிக் காற்று தரும். சென்னையில் கடல் காற்று உள்ளே வந்த பிறகு 34 டிகிரியும் 70 சதவீத ஈரப்பதமும் என்று வையுங்கள். அடிமட்டமே 29. கூலர் தருவது 30 டிகிரிக் காற்று, அதுவும் ஈரம் சொட்டச் சொட்ட. வியர்வை ஆவியாக இடமே இல்லாத காற்றில் அந்த நான்கு டிகிரியால் என்ன பயன்?

கூலருக்கு இன்னும் இரண்டு நிபந்தனை உண்டு. ஜன்னல் திறந்திருக்க வேண்டும். வெளிக்காற்றை இழுத்து உள்காற்றை வெளியேற்றினால்தான் அது வேலை செய்யும். மூடிய அறையில் கூலர் வைப்பது வெந்நீர் போட்ட குளியலறையில் உட்காருவது போலத்தான். இந்த நிபந்தனையில் ஒரு நன்மையும் ஒளிந்திருக்கிறது: இங்கே ஒப்பிடுகிற பெட்டிகளிலேயே இடைவிடாமல் புதுக் காற்றைக் கொண்டு வருவது கூலர் ஒன்றுதான். இரண்டாவது, தொட்டித் தண்ணீரை வாரம் ஒரு தரமாவது முழுக்கக் கொட்டித் தேய்த்துக் கழுவ வேண்டும். டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசுவுக்குக் கூலர் தொட்டி பிடித்தமான இடம்.

ஏசியின் பிறப்பே ஈரப்பதத்தோடு சம்பந்தப்பட்டது. 1902இல் வில்லிஸ் கேரியர் என்ற பொறியாளர் நியூயார்க்கின் புரூக்ளினில் ஓர் அச்சகத்துக்காக அதை வடிவமைத்தார். ஈரத்தில் காகிதம் ஊதி, ஒரு வண்ணத்தின் மேல் அடுத்த வண்ணம் சரியாக உட்காரவில்லை, அதைச் சரிசெய்யத்தான். மனிதர்களின் சுகம் பிறகு வந்தது. சிவகாசியில் அச்சுத் தொழில் வேரூன்ற வறண்ட காற்றும் ஒரு காரணம் என்பார்கள். சென்னைவாசிக்கு ஏசி செய்யும் பெரிய உபகாரம் அந்த ஈரம் எடுக்கும் வேலைதான். வெளியே குழாயில் சொட்டும் தண்ணீருக்கு ஒரு பக்கெட் வைத்துப் பாருங்கள். அந்தத் தண்ணீர் அத்தனையும் அறைக்குள் மிதந்துகொண்டிருந்தது.

அதனால்தான் 'பெரிய டன் வாங்கினால் சீக்கிரம் குளிரும்' என்ற யோசனை இங்கே எடுபடாது. டன் என்பது ஏசியின் எடை இல்லை, குளிர வைக்கும் திறன். தேவைக்கு மேல் பெரிய ஏசி அறையைச் சட்டென்று குளிர வைத்துவிட்டு ஓய்ந்துவிடும். ஈரத்தை எடுக்க நேரமே தராது. குளிர்கிறது, ஆனால் கசகசக்கிறது என்று 20க்கு இறக்குவோம். எங்கள் அளவு அறைக்கு ஒரு டன் போதும். கடைசி மாடி, மேற்குச் சுவர் என்றால் ஒன்றரை. ஐப்பசி, கார்த்திகை மழை மாதங்களில் டிரை மோடில் போட்டுவிட்டால் குளிர் நடுக்காமல் ஈரம் மட்டும் வடியும். அந்தப் பொத்தானைத் தொடாமலே பலர் ஏசியைப் பழையதாக்கிவிடுகிறார்கள்.

எத்தனை டிகிரி? ஸ்டார் லேபிள் உள்ள ஏசிகள் ஆன் செய்ததும் 24இல் நிற்க வேண்டும் என்று 2020 ஜனவரி முதல் விதி இருக்கிறது. ஒரு டிகிரி ஏற்றினால் 6 சதவீதம் சுமாருக்கு மின்சாரம் மிச்சம் என்பது எரிசக்தித் திறன் பணியகத்தின் கணக்கு. நாங்கள் வைப்பது 27. கூடவே ஃபேனை இரண்டில் ஓடவிடுகிறோம். உடம்புக்கு அது 24, 25 போலத்தான் தெரிகிறது, அம்மாவுக்கு முழங்கால் வலிப்பதில்லை. கடையில் நிற்கும்போது லேபிளில் ஸ்டாரை எண்ணுவதோடு நிறுத்தாமல் வருஷ யூனிட் எண்ணைப் பாருங்கள். அது 1,600 மணி நேரத்துக்குப் போட்ட கணக்கு. அதை 1,600ஆல் வகுத்தால் மணிக்கு எத்தனை யூனிட் என்று வந்துவிடும். உங்கள் வீட்டு மணிநேரத்தால் பெருக்கி, இரண்டு மாத பில்லில் 500 யூனிட்டைத் தாண்டுகிறீர்களா என்று பாருங்கள். தாண்டினால் முந்தைய யூனிட்டுகளுக்கும் கட்டண ஸ்லாப் மாறும், அங்கேதான் வலிக்கும்.

இன்னொன்று. வருஷா வருஷம் சர்வீஸுக்கு வந்தவர் "கேஸ் குறைஞ்சிருச்சு சார்" என்று எங்களிடம் இரண்டு முறை நிரப்பிவிட்டுப் போனார். ஏசி கேஸ் பெட்ரோல் மாதிரி தீர்வதில்லை. குறைந்தால் எங்கோ கசிகிறது என்று பொருள். கசிவை அடைக்காமல் நிரப்புவது ஓட்டைக் குடத்தில் தண்ணீர் ஊற்றுகிற வேலை. வெறும் ஃபில்டரை இரண்டு வாரத்துக்கு ஒரு முறை நாமே கழற்றிக் குழாயடியில் காட்டினால் பாதிப் புகார்கள் வராது. ஆன் செய்ததும் ஈர சாக்ஸ் வாடை வந்தால் உள்ளே காயிலிலோ தண்ணீர்த் தட்டிலோ பூஞ்சை பிடித்திருக்கிறது. இளைப்புக்காரர் உள்ள வீட்டில் அதைத் தள்ளிப்போடக்கூடாது.

இப்போது அந்த 3,140க்கு வருவோம். சுவரில் தொங்கும் சாதாரண ஸ்ப்ளிட் ஏசி வெளிக்காற்றில் ஒரு மூச்சுகூட உள்ளே கொண்டு வருவதில்லை. அறைக் காற்றையே இழுத்து, குளிர்த்து, திரும்ப விடுகிறது. வெளியே இருக்கும் யூனிட்டுக்கு வருவது செம்புக் குழாயும் ஒயரும்தான். ஏசி ஓடினால் நல்ல காற்று வரும் என்று நானும் நாற்பது வயது வரை நம்பியவன்.

தூங்கும் ஒருவர் மணிக்குப் பன்னிரண்டு லிட்டர் சுமாருக்குக் கார்பன் டை ஆக்சைடு விடுகிறார். மூன்று பேருக்கு 36 லிட்டர். எங்கள் அறை 34 கன மீட்டர். இடுக்கை முழுக்க அடைத்துவிட்டால் மணிக்கு ஆயிரம் பிபிஎம் ஏறும். எப்படியும் கதவடியில் கொஞ்சம் கசிவதால்தான் விடிய விடிய மூவாயிரத்தோடு நின்றது. அந்த அளவில் இந்த வாயு விஷமில்லை, பயப்பட வேண்டாம். ஆனால் அறைக் காற்று எவ்வளவு பழையது என்பதற்கு அது ஓர் அளவுகோல். மியூனிக்கில் மேக்ஸ் ஃபான் பெட்டன்கோஃபர் 1858இலேயே ஆயிரம் பிபிஎம் என்று கோடு கிழித்தார்; இன்றும் அந்தக் கோட்டைத்தான் பலரும் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள். டென்மார்க்கில் மாணவர் விடுதி அறைகளில் நடந்த ஓர் ஆய்வு 2016இல் வெளிவந்தது. காற்றோட்டம் கொடுத்து இரவு அளவை 2,400 பக்கமிருந்து 900க்குக் கீழே இறக்கியபோது, மாணவர்கள் மறுநாள் குறைந்த தூக்கக் கலக்கத்தோடு இருந்தார்கள், யோசிக்கும் வேலையையும் நன்றாகச் செய்தார்கள்.

நாங்கள் ஒரு வாரம் இரவுதோறும் ஒன்றாக மாற்றிப் பார்த்தோம். ஹாலுக்குப் போகும் கதவை மூன்று விரல் திறந்து வைத்த இரவு, விடியலில் 1,650. கதவை மூடி, ஜன்னல் பட்டையைப் பிய்த்தெறிந்து ஒரு விரல் இடைவெளி விட்ட இரவு 1,300. இரண்டையும் சேர்த்துத் திறந்தால் 950. மகள் இந்த எண்களைக் காலண்டரில் குறித்து வைத்திருக்கிறாள். தலைவலி என்ற சொல் அந்த வாரக் கடைசியில் குறைந்தது. அம்மா மூன்றாம் இரவே பாயைச் சுருட்டிக்கொண்டு உள்ளே வந்துவிட்டார். மூக்கடைப்பு முழுக்க இந்தக் காற்றால் மட்டும் வந்தது என்று சொல்லமாட்டேன். அதே வாரம்தான் 24ஐ 27 ஆக்கினோம், ஃபில்டரையும் கழுவினோம்.

'குளிரெல்லாம் போயிடுமே, கரன்ட் பில்?' என்பது எல்லோரும் கேட்கும் கேள்வி. கணக்குப் போட்டுப் பார்த்தேன். மணிக்கு 30 முதல் 60 கன மீட்டர் வெளிக்காற்று உள்ளே வருகிறது, அதைக் குளிர்த்து ஈரம் எடுக்க வேண்டும் என்று வைத்தால், எட்டு மணி நேரத்துக்கு அரை யூனிட்டிலிருந்து ஒன்றேகால் யூனிட் வரை கூடுகிறது. 24ஐ 27 ஆக்கியதில் மிச்சமானது இந்தச் செலவில் பெரும்பகுதியை ஈடுகட்டிவிடும். ஜன்னலே இல்லாத அறை என்றால் குளியலறை எக்ஸாஸ்ட் ஃபேனை மணிக்குப் பத்து நிமிடம் ஓட விடலாம். முழு நேரமும் ஓடவிட்டால் அது இழுக்கும் வேகத்துக்கு ஏசி திணறும்.

கடைசியாக ஏர் பியூரிஃபையர். டெல்லி நவம்பர் படங்களைப் பார்த்துவிட்டு இங்கேயும் வாங்குகிறார்கள். நல்ல ஹெப்பா ஃபில்டர் 0.3 மைக்ரான் துகளில் 99.97 சதவீதத்தைப் பிடிக்கும் என்பது உண்மை. கார்பன் டை ஆக்சைடைத் தொடாது, சூட்டையும் ஈரத்தையும் தொடாது. ஜன்னலை அகலத் திறந்து வைத்துப் பியூரிஃபையர் போடுவது தெருவைக் கூட்டுகிற மாதிரி. யாருக்குத் தேவை? லாரி ஓடும் சாலையைப் பார்த்த வீடு, ஆலைகள் நிறைந்த எண்ணூர், மணலிப் பக்கம், பக்கத்தில் கட்டட வேலை நடக்கும் தெரு, வீட்டில் ஆஸ்துமா உள்ளவர். நுண்துகள் பிஎம் 2.5க்கு உலக சுகாதார நிறுவனம் சொல்லும் ஆண்டுச் சராசரி கன மீட்டருக்கு 5 மைக்ரோகிராம், நம் நாட்டின் வரம்பு 40. இரண்டுக்கும் நடுவே இருக்கிற காற்றை 'பரவாயில்லை' என்று சொல்லலாமா என்பது அவரவர் நுரையீரலைப் பொறுத்தது. போகி அன்று விடியற்காலைக்கு மட்டும் எல்லோருக்குமே ஒன்று தேவைப்படும்.

வாங்குவதானால் டப்பாவின் அழகை விட்டுவிட்டு சிஏடிஆர் எண்ணைப் பாருங்கள். மணிக்கு எத்தனை கன மீட்டர் சுத்தக் காற்று தரும் என்பதன் அளவு அது. அறையின் கன அளவைப் போல ஐந்து மடங்கு இருந்தால் நல்லது. எங்கள் அறைக்கு 170 போதும், ஆனால் அந்த எண் முழு வேகத்துக்கானது. அந்தச் சத்தத்தில் யாரும் தூங்க முடியாது என்பதால் 300 போட்டதை வாங்கிப் பாதி வேகத்தில் ஓட்டுவதே வழி. அயனி, ஓசோன் என்று பெருமை பேசும் மாடல்களை விட்டுவிடுங்கள், ஓசோனே நுரையீரலுக்கு ஆகாது. மாற்று ஃபில்டரின் விலையை வாங்கும் முன்பே கேளுங்கள். இதற்கெல்லாம் முன், சாம்பிராணியையும் ஊதுபத்தியையும் படுக்கையறைக்கு வெளியே வைத்துவிட்டு, தாளிக்கும்போது சமையலறை எக்ஸாஸ்டைப் போட்டுப் பாருங்கள். எங்கள் வீட்டில் அதோடு முடிந்தது. பியூரிஃபையர் வாங்கவில்லை.

ஆக எங்கள் கடைசி மாடிக்கு அமைந்தது இது: தளத்தில் வெள்ளை, பிஎல்டிசி ஃபேன், 27இல் இன்வெர்ட்டர் ஏசி (தேவைக்கேற்ப வேகத்தைக் கூட்டிக் குறைத்துக்கொள்ளும் வகை), ஒரு விரல் ஜன்னல், மூன்று விரல் கதவு. மார்கழி, தை இரவுகளில் ஏசியே வேண்டாம். தரைத்தளத்தில், கடலுக்குப் பக்கத்தில் இருந்தால் நான் ஏசியை இரண்டு மாதத்துக்கு மேல் தொடமாட்டேன்.

கூலரை வேலூரில் இருக்கும் தம்பிக்கு அனுப்பினோம். பேருந்தின் மேலே கட்டி ஏற்றிவிட்டதில் ஒரு சக்கரம் உடைந்து போனது. மே மாதம் போயிருந்தபோது அதன் எதிரே படுத்து மதியம் நன்றாகத் தூங்கினேன். அம்மா தம்பி வீட்டு அப்பளத்தை ஒடித்துப் பார்த்தார். படக்கென்று உடைந்தது.